திரிந்த பாலும் திரித்த பாலும்

‘பால் திரிந்தது’, ‘பாலைத் திரித்தார்’ என்னும் இரண்டு தொடர்களும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்வதுபோல் தோன்றும். முதல் தொடரில் வருவது தன்வினை. பால் தானாகவே மாறிவிட்டது. இரண்டாம் தொடரில் வருவது பிறவினை. ஒருவர் அறிந்து பாலை மாற்றினார். இலக்கணத்தில் ஓர் எழுத்தளவே உள்ள இந்த வேறுபாடு சமையலறையில் மிகப் பெரியது. தானாகத் திரிந்த பால் பெரும்பாலும் கழிவாகிறது. திரித்த பாலோ பனீர், ரசகுல்லா, ரிக்கோட்டா எனப் பல வடிவங்களில் விருந்துக்கு வருகிறது. இழப்பு என்று கருதப்பட்ட ஒரு மாற்றத்தை மனிதர்கள் உணவாக்கிக்கொண்ட வரலாறு சுவையானது.

பாலிலிருந்து செய்யப்படும் கட்டியைத் தமிழில் ‘பாலாடைக்கட்டி’ என்கிறோம். பெயரைக் கேட்டால் அது பாலின்மேல் படியும் ஆடையிலிருந்து உருவாவதாகத் தோன்றும். உண்மையில், பாலாடைக்கட்டியின் உடலாக அமைவது பாலில் கலந்திருக்கும் புரதமே. பாலாடைக்கட்டிகளில் பல வகைகள் உள்ளன. சிலவற்றைப் பல மாதங்கள், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட வைத்து முதிரச் செய்வர். அவை கெட்டியாகவும் மணம் மிகுந்தும் இருக்கும். வேறு சிலவற்றை முதிர விடாமல் செய்த சில நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். வெண்மை, மென்மை, மிதமான சுவை ஆகியவை இவற்றின் இயல்புகள். இவையே மென்மையான புதுப் பாலாடைக்கட்டிகள். பனீர் இந்த வகையைச் சேர்ந்தது. திருமணங்களில் தெளிக்கப்படும் பன்னீரும் உணவான பனீரும் ஒலியில் நெருங்கியவை என்றாலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை.

பாலுக்குள் நடப்பது என்ன?

பசும்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு நீர். மீதமுள்ள பகுதியில் கொழுப்பு, புரதம், பாலின் சர்க்கரையான லாக்டோஸ், சுண்ணாம்புச் சத்து போன்ற தாதுக்கள் ஆகியவை உள்ளன. பாலில் உள்ள புரதத்தில் 80 விழுக்காடு அளவுக்கு இருப்பது கேசின் என்னும் புரதம். கேசின் மிகச் சிறிய உருண்டைகளாகத் திரண்டு நீரில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் வெண்மையாகத் தெரிகிறது.

இந்த உருண்டைகள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை? அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ளது. இரு காந்தங்களின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று விலக்குவதுபோல், ஒரே வகை மின்னூட்டம் கொண்ட உருண்டைகளும் விலகியே நிற்கின்றன. பாலில் எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ ஊற்றினால் நிலைமை மாறுகிறது. அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. விலக்கும் ஆற்றலை இழந்த உருண்டைகள் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை வலைபோலப் பின்னிக்கொண்டு கொழுப்பையும் தம்முள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இவ்வாறு உருவாகும் வெண்ணிறத் திரளே பனீரின் முதல் வடிவம். பிரிந்து நிற்கும் நீரைத் ‘தெளிநீர்’ எனலாம்.

பால் தானாகத் திரியும்போதும் இதே வேதிமாற்றம்தான் நடக்கிறது. அங்கே எலுமிச்சையின் வேலையைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன. அவை லாக்டோசை உண்டு லாக்டிக் அமிலத்தை உருவாக்குகின்றன. மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகும். அதனால் வெளியில் வைத்த பால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். அந்தப் பாலை அடுப்பில் ஏற்றியதும் அது திரிந்து போகும்.

தயிர் உருவாவதற்கும் இதுவே அடிப்படை. வெதுவெதுப்பான பாலில் சிறிதளவு தயிரை உறையாக ஊற்றி, அசைக்காமல் வைக்கிறார்கள். அமிலம் மெதுவாகப் பெருகுவதால் புரத வலையும் மெதுவாகப் பின்னிக்கொள்கிறது. நீர் பிரியாமல் வலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே தயிர் வழவழப்பாக அமைகிறது. சூடான பாலில் அமிலத்தை ஊற்றிக் கிளறும்போது வலை விரைவாகச் சுருங்கி நீரை வெளியேற்றுகிறது. எனவே திரள்கள் தோன்றுகின்றன. இவ்விரு மாற்றங்களுக்கும் தமிழ் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது. விரும்பியது நடந்தால் பால் ‘உறைந்தது’ என்கிறோம். விரும்பாதது நடந்தால் பால் ‘திரிந்தது’ என்கிறோம்.

பனீர் செய்யும் முறை

ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் காய்ச்சிக் கொதி வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது நீரில் கலந்து, பாலில் சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகக் கிளற வேண்டும். சிறிது நேரத்தில் வெண்ணிறத் திரள்களும் தெளிநீரும் பிரியும். தெளிநீர் பால்போல் வெள்ளையாக இருந்தால் இன்னும் சிறிது எலுமிச்சைச் சாறு தேவை. அது இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிந்து நின்றால் போதும். அந்த நிறத்தைத் தருவது ரிபோஃபிளேவின் எனப்படும் ‘பி2’ உயிர்ச்சத்து.

பாலை ஏன் கொதிக்கும் நிலைவரை சூடாக்க வேண்டும்? முதல் காரணம் தூய்மை. நோய் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அந்தச் சூட்டில் அழிகின்றன. இரண்டாவது காரணம் அளவு. கேசின் தவிரப் பாலில் தெளிநீர்ப் புரதங்களும் உள்ளன. சூடு மிகும்போது இவற்றின் வடிவம் குலைந்து இவையும் கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால் கிடைக்கும் பனீரின் அளவு கூடுகிறது.

அமிலம் சேர்த்த பிறகு அடுப்பில் வைத்து நெடுநேரம் கொதிக்க விடக்கூடாது. அவ்வாறு செய்தால் திரள்கள் இறுகி இரப்பர்போல் ஆகிவிடும். பிரிந்ததை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டிக் குளிர்ந்த நீரால் அலச வேண்டும். இதனால் புளிப்பு நீங்குவதோடு திரள்கள் மேலும் இறுகுவதும் நின்றுவிடும். பிறகு துணியை மூட்டையாகக் கட்டித் தொங்க விட்டால் மிச்ச நீர் வடியும். அதன்மேல் கனமான பொருளை வைத்து அழுத்தினால், துண்டுகளாக நறுக்கக்கூடிய பனீர் கட்டி கிடைக்கும்.

பாலின் வகையும் பனீரின் தன்மையை முடிவு செய்கிறது. எருமைப்பாலில் கொழுப்பும் கேசினும் சுண்ணாம்புச் சத்தும் பசும்பாலைவிட மிகுதி. எனவே, எருமைப்பாலில் செய்யும் பனீர் உறுதியாக அமையும். பசும்பாலில் செய்வது மென்மையாக அமையும். கறிக்கு முன்னதையும் இனிப்புக்குப் பின்னதையும் சமையல் வல்லுநர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உருகாத கட்டி

பீட்சாவின்மேல் தூவப்படும் மொசரெல்லா சூட்டில் உருகி நூல்போல் இழுபடும். பனீரை அவ்வாறு சூடாக்கினால் அதன் வெளிப்புறம் சிவக்குமே தவிர, உருகி ஓடாது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பாலைத் திரிக்கும் முறை. மொசரெல்லா செய்யும்போது பொதுவாக ரென்னெட் என்னும் நொதியைக் கொண்டு பாலை உறையச் செய்வர். அப்போது கேசின் உருண்டைகளைச் சுண்ணாம்புச் சத்து ஒன்றோடொன்று இணைத்து நிற்கிறது. சூடு பட்டால் அந்தப் பிணைப்பு நெகிழ்ந்து கட்டி இளகுகிறது. பனீரில் அமிலம் சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதியைக் கரைத்து நீரோடு வெளியேற்றிவிடுகிறது. சூட்டில் குலைந்த தெளிநீர்ப் புரதங்களும் வலையை இறுக்கிவிடுகின்றன. அந்த வலையை அடுப்பின் சூடு எளிதில் தளர்த்துவதில்லை.

உருகாத இந்தத் தன்மையே பனீரைக் கறிக்கு ஏற்றதாக்குகிறது. வட இந்தியச் சமையலில், குறிப்பாகப் பஞ்சாப்பில், பனீர் பல வகைகளில் பயன்படுகிறது. பசலைக்கீரை மசியலில் பனீரைச் சேர்த்தால் ‘பாலக் பனீர்’. பச்சைப் பட்டாணியோடு தக்காளி மசாலாவில் சேர்த்தால் ‘மட்டர் பனீர்’. தயிரும் மசாலாவும் பூசி, கம்பியில் குத்தித் தணலில் வாட்டினால் ‘பனீர் டிக்கா’. பனீருக்கென்று அழுத்தமான சுவை இல்லை. அதனால் அது சேரும் குழம்பின் சுவையை ஏற்றுக்கொள்கிறது.

ஆயினும், பனீரைச் சமைப்பதில் கவனம் தேவை. நெடுநேரம் வறுத்தாலோ கொதிக்க வைத்தாலோ அதன் நீர் வற்றி அது கடினமாகிவிடும். ஆகவே, குழம்பு ஏறக்குறைய வெந்த பிறகே பனீரைச் சேர்ப்பார்கள். வறுத்துச் சேர்க்க விரும்புபவர்கள், வறுத்த துண்டுகளை உப்புக் கலந்த வெந்நீரில் சிறிது நேரம் போட்டு வைப்பார்கள். அப்போது அவை மீண்டும் மென்மை பெறும். பனீரை உதிர்த்து வெங்காயம், மிளகாய், தக்காளியோடு வதக்கினால் முட்டைப் பொரியல் போன்ற ஓர் உணவு கிடைக்கும். அதைச் சப்பாத்திக்கும் தோசைக்கும் உள்ளே வைத்துச் சாப்பிடலாம்.

வங்காளத்தின் சானா

பாலைத் திரித்து வடிகட்டிய பின், அதிகம் அழுத்தாமல் ஈரத்தோடு விட்டுவிட்டால் கிடைப்பது ‘சானா’. இந்தியாவின் கிழக்குப் பகுதியிலுள்ள வங்காளமும் ஒடிசாவும் சானாவைக் கொண்டு ஓர் இனிப்பு உலகத்தையே படைத்துள்ளன. சானாவை உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்து வழவழப்பாக்குவார்கள். பிறகு சிறு உருண்டைகளாக உருட்டிக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் போடுவார்கள். உருண்டைகள் உப்பி, பஞ்சுபோல் நுண்துளைகள் பெற்று, பாகை உறிஞ்சிக்கொள்ளும். அதுவே ரசகுல்லா. சானாவைச் சர்க்கரையோடு மிதமான சூட்டில் கிளறி அச்சில் வார்த்தால் ‘சந்தேஷ்’. குளிர்காலத்தில் சர்க்கரைக்குப் பதிலாகப் புதிய ஈச்சவெல்லத்தைச் சேர்ப்பது வங்காள வழக்கம். ஒடிசாவில் சானாவைச் சர்க்கரையோடு கலந்து, மேற்புறம் கருஞ்சிவப்பாகும்வரை வேகவைத்து ‘சேனா போடா’ என்னும் இனிப்பைச் செய்கிறார்கள். ‘போடா’ என்ற ஒடியச் சொல்லுக்குக் ‘கருகியது’ என்பது பொருள்.

ரசகுல்லா யாருக்குச் சொந்தம் என்பதில் இரு மாநிலங்களுக்கும் இடையே நீண்ட போட்டி இருந்தது. கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் கடை வைத்திருந்த நொபின் சந்திர தாஸ் 1868ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார் என்பது வங்காளத்தார் கூற்று. பூரி ஜெகந்நாதர் கோயிலில், தேரோட்டம் முடிந்து கோயிலுக்குத் திரும்பும் நாளில், இலட்சுமிக்கு ரசகுல்லா படைக்கும் வழக்கம் உண்டு என்பதை ஒடிசாவினர் எடுத்துக்காட்டினர். இறுதியில், 2017ஆம் ஆண்டில் ‘வங்காள ரசகுல்லா’வுக்கும் 2019ஆம் ஆண்டில் ‘ஒடிசா ரசகுல்லா’வுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இந்தியாவில் பாலைத் திரிக்கும் பழக்கம் எப்போது வந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பால் தூய்மையின் அடையாளம் என்பதால் அதை வேண்டுமென்றே கெடுப்பது தகாத செயலாகக் கருதப்பட்டது என்றும், வங்காளத்தில் குடியேறிய போர்த்துக்கீசியர்களின் பாலாடைக்கட்டிப் பழக்கமே அந்த எண்ணத்தை மாற்றியது என்றும் உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா கருதினார். இதற்கு மாறான சான்றும் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல், புளிப்பான பொருளால் பாலைத் திரித்து இனிப்புச் செய்யும் முறையைக் குறிப்பிடுகிறது. அது போர்த்துக்கீசியர்கள் இந்தியாவுக்கு வருவதற்கு முந்தைய காலம். ஆக, ஒரே நிலப்பரப்பில் சிலர் தவிர்த்த ஒன்றை வேறு சிலர் அரண்மனை உணவாக ஏற்றிருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் பாலின் கணக்கு

ஒரு லிட்டர் பாலிலிருந்து ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் பனீர் கிடைக்கும். பாலின் பெரும்பகுதி தெளிநீராக வெளியேறிவிடுகிறது. பால் நிறையக் கிடைக்கும்போது இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பற்றாக்குறை வரும்போது இந்தக் கணக்கே பெரிய கேள்வியாகிறது.

1965ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் அப்படி ஒரு நிலை ஏற்பட்டது. குடிப்பதற்குப் பால் போதாத அக்காலத்தில், சானாவைக் கொண்டு இனிப்புகள் செய்வதற்கு மாநில அரசு தடை விதித்தது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் வேண்டிய பால் இனிப்புக் கடைகளுக்குப் போகலாமா என்பது ஒரு தரப்பின் கேள்வி. சானாவையே நம்பி வாழும் இனிப்புத் தொழிலாளர்களும் பால் விற்பவர்களும் என்ன செய்வார்கள் என்பது மறு தரப்பின் கேள்வி. இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருந்தது. அந்தத் தடை நீண்ட காலம் நிலைக்கவில்லை. எனினும், ஓர் உணவைச் செய்வதற்குப் பின்னால் எத்தனை பேரின் தேவை அடங்கியிருக்கிறது என்பதை அது உணர்த்தியது.

தெளிநீரும் உணவே

வெளியேறும் தெளிநீரைக் கொட்டிவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாகும். அதில் லாக்டோசும் தாதுக்களும் ஓரளவு புரதமும் எஞ்சியிருக்கின்றன. பாலாடைக்கட்டி ஆலைகளின் தெளிநீரை அப்படியே ஆற்றில் விட்டால், அதிலுள்ள சத்துகளை உண்டு நுண்ணுயிரிகள் பெருகும். அவை நீரிலுள்ள உயிர்வளியைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவதால் மீன்கள் மடியும். சத்தான பொருளே தவறான இடத்தில் மாசாகிவிடுகிறது.

இத்தாலியர்கள் இந்தத் தெளிநீரிலிருந்து இன்னொரு புதுப் பாலாடைக்கட்டியை உருவாக்கினார்கள். அதன் பெயர் ரிக்கோட்டா. ‘மீண்டும் சமைத்தது’ என்பது அச்சொல்லின் பொருள். ரென்னெட் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது பாலைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்குவதில்லை. அதனால் தெளிநீர்ப் புரதங்கள் கட்டியில் சேராமல் நீரிலேயே தங்கிவிடுகின்றன. அந்த நீரை 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது புரதங்கள் மென்மையான மணிகளாகத் திரண்டு மேலே மிதக்கும். அவற்றை அள்ளி வடிகட்டினால் ரிக்கோட்டா கிடைக்கும். பசலைக்கீரையோடு சேர்த்து ரவியோலி என்னும் மாவுப் பொதிக்குள் வைப்பதற்கும், லசானியாவில் அடுக்குவதற்கும் இது பயன்படுகிறது. சிசிலித் தீவில் இதைச் சர்க்கரையோடு கலந்து, பொரித்த மாவுக் குழலுக்குள் நிரப்பிக் ‘கன்னோலி’ என்னும் இனிப்பாக உண்கிறார்கள்.

பனீர் செய்த தெளிநீரில் இந்தப் புரதங்கள் அவ்வளவாக எஞ்சுவதில்லை. பாலைக் கொதிக்க வைத்தபோதே அவை பனீரோடு சேர்ந்துவிட்டன. ஆயினும் அந்த நீரும் பயனுள்ளதே. சப்பாத்தி மாவு பிசையவும், பருப்பு வேகவைக்கவும், சூப்பு செய்யவும் அதைப் பயன்படுத்தலாம். அதன் இலேசான புளிப்பு உணவுக்குத் தனிச்சுவை தரும்.

தென்கிழக்காசியாவில்

தென்கிழக்காசிய மக்களின் பாரம்பரிய உணவில் பாலின் பங்கு குறைவு. வளர்ந்த பிறகு லாக்டோசைச் செரிக்கும் திறன் குறைந்தவர்கள் இங்கு மிகுதி. இருந்தபோதிலும், இந்த வட்டாரத்திலும் புதுப் பாலாடைக்கட்டிகள் உண்டு. பிலிப்பீன்சில் எருமைப்பாலில் செய்யப்படும் ‘கெசோங் புத்தி’ என்னும் வெள்ளைக்கட்டியை வாழையிலையில் பொதிந்து விற்கிறார்கள். அதைக் காலை உணவாக ரொட்டியோடு உண்பார்கள். இந்தோனேசியாவின் தெற்குச் சுலாவேசியில் ‘டங்கே’ என்னும் கட்டி பெயர்பெற்றது. அங்கே எலுமிச்சையும் காடியும் இல்லாமல், பப்பாளியின் பாலைக் கொண்டு பாலை உறையச் செய்கிறார்கள். பப்பாளிப்பாலில் உள்ள நொதி ரென்னெட்டைப்போல் செயல்படுகிறது. கொட்டாங்குச்சியை அச்சாகக் கொண்டு வடிவம் தந்து, வாழையிலையில் பொதிகிறார்கள். கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டே அந்த மக்கள் தங்களுக்கென ஒரு முறையைக் கண்டறிந்துள்ளனர்.

பால் இல்லாமலும் இதே முறையில் கட்டி செய்யலாம் என்பதற்குத் தவுஹு எனப்படும் சோயாக்கட்டி சான்று. சோயா அவரையை ஊறவைத்து அரைத்து, வடித்துக் காய்ச்சினால் சோயாப்பால் கிடைக்கும். அதில் உணவுக்கு உகந்த கால்சியம் சல்பேட் போன்ற உப்பைச் சேர்த்தால் புரதம் திரண்டுவிடும். அழுத்தி நீரை வடித்தால் சோயாக்கட்டி தயார். பனீரைப் போலவே இதுவும் உருகாது. குழம்பின் சுவையை ஏற்றுக்கொள்ளும். பால் உணவைத் தவிர்ப்பவர்கள் பனீருக்குப் பதிலாக இதைச் சேர்த்துச் சமைப்பதற்கு இதுவே காரணம்.

தமிழர் சமையலில்

பால் சார்ந்த உணவு தமிழர்களுக்குப் புதிதன்று. மோர் விற்கும் ஆயர்குலப் பெண்ணைச் சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று தமிழர்கள் பாலை ஐந்து நிலைகளிலும் பயன்படுத்தி வந்துள்ளனர். பாலின் ஆயுளை நீட்டிக்கத் தமிழர்கள் இரண்டு வழிகளைப் போற்றினர். ஒன்று, உறை ஊற்றித் தயிராக்குதல். மற்றொன்று, சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பாலாகவும் பால்கோவாவாகவும் ஆக்குதல். திரித்துக் கட்டியாக்கும் வழக்கம் பரவலாக இல்லை. ஆயினும், எதிர்பாராமல் திரிந்த நல்ல பாலைக் கொட்டிவிட மனமில்லாமல், அதில் சர்க்கரையோ வெல்லமோ சேர்த்துக் கிளறி இனிப்பாக்கும் பழக்கம் பல தமிழ் வீடுகளில் உண்டு.

இன்று உணவகங்களின் வழியாகப் பனீர் தமிழர் உணவிலும் இடம்பெற்றுவிட்டது. பனீர் தோசை, பனீர் கொத்துப் பரோட்டா, பனீர் பிரியாணி என்று அது உள்ளூர் உருவம் எடுத்துள்ளது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், சிங்கப்பூரின் தேக்கா போன்ற இடங்களில் உள்ள கடைகளில் பனீர் கட்டிகள் விற்கப்படுகின்றன. 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் உள்ளதால், சைவ உணவு உண்பவர்களுக்கு அது பயனுள்ள உணவு. அதே வேளையில், அதில் கொழுப்பும் மிகுதி என்பதால் அளவோடு உண்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

புதுப் பாலாடைக்கட்டியின் மென்மைக்குக் காரணம் அதிலுள்ள ஈரம். பனீரின் எடையில் ஏறக்குறைய பாதி நீர்தான். அந்த ஈரமே அது விரைவில் கெடுவதற்கும் காரணமாகிறது. முதிர்ந்த பாலாடைக்கட்டியில் நீர் குறைவு, உப்பு மிகுதி. அதனால் அது நீண்ட நாள் நிலைக்கும். பனீருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, அதைக் குளிர்பதனப் பெட்டியில் 4 பாகை செல்சியஸ் அளவில் வைத்துச் சில நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வழவழப்போ புளித்த வாடையோ தோன்றினால் அதை உண்ணக்கூடாது. காய்ச்சாத, பதப்படுத்தாத பாலில் செய்த மென்மையான பாலாடைக்கட்டியைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி அதில் வளரக்கூடும்.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தின் மேலுள்ள குறிப்பைப் படிக்க வேண்டும். பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துப் பனீரைப்போல் செய்யப்படும் கட்டிகளும் சந்தையில் உள்ளன. சேர்மானப் பட்டியலில் பாலும் அமிலமும் மட்டும் உள்ளனவா, எண்ணெயும் மாவும் கலந்துள்ளனவா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தானாகத் திரிந்த பாலெல்லாம் பனீராகிவிடுமா என்ற ஐயம் எழலாம். ஆகாது. தூய பாலில், அறிந்த அமிலத்தை, அறிந்த சூட்டில் சேர்ப்பதே திரித்தல். நாற்றம் அடிக்கும் பாலில் எந்த நுண்ணுயிரி வளர்ந்தது, அது என்ன நஞ்சை உண்டாக்கியது என்பது யாருக்கும் தெரியாது. சில நுண்ணுயிரிகளின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அத்தகைய பாலை மிச்சம் பிடிக்க நினைப்பது ஆபத்தில் முடியும்.

பாலைப் பொறுத்தவரை கெடுவதற்கும் பக்குவப்படுவதற்கும் அடிப்படை ஒன்றே. புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, நீர் பிரிகிறது. நேரம், சூடு, அமிலம், தூய்மை ஆகிய நான்கையும் அறிந்தவர் கையில் அது உணவாகிறது. அறியாதபோது அது இழப்பாகிறது. வங்காளத்து இனிப்புக்காரரும், இத்தாலியின் பாலாடைக்கட்டிக்காரரும், சுலாவேசியில் பப்பாளிப்பாலைச் சேகரிக்கும் உழவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால், மாற்றத்தைக் கண்டு அஞ்சாமல் அதைக் கூர்ந்து கவனித்து, தமக்கு ஏற்றவாறு பயன்படுத்தக் கற்றுக்கொண்டதில் அவர்கள் ஒன்றுபடுகிறார்கள். தன்வினையைப் பிறவினையாக்கிய அந்த அறிவே, சில மணி நேரம் மட்டுமே நிற்கும் பாலுக்கு இன்னும் சில நாள்களைச் சேர்த்துத் தந்தது.